வளர்ந்த வேட்டை நாய் விலைக்குக் கிடைக்குமா?

தோட்டக் காவலுக்கும் ஆட்டுக் கிடைக்கும் நாட்டு ஜாதி வேட்டை நாய் ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பும் நிலச்சுவான்தார்களுள் அநேகர், குட்டியை வாங்கி ஒன்றரை வருஷம் வளர்த்துப் பழக்கும் சிரமத்தைத் தவிர்க்க எண்ணி, வேலையறிந்த வளர்ந்த நாயாகவே ஒன்றை விலைக்கு வாங்கிவிட முடியுமா என்று விசாரிப்பதுண்டு. இக்கேள்வி நியாயமானதே. உழவுக்கு மாடு வேண்டியவர் கன்றை வாங்கிக் காத்திருப்பதில்லை. பல்லைப் பார்த்து, ஏரில் பூட்டி ஓட்டிப் பார்த்து, பிறகே சந்தையில் விலை பேசுகிறார். நாயின் விஷயத்தில் மட்டும் அவ்வாறு ஏன் செய்யலாகாது?

நல்ல நாய் வளர்ந்த பிராயத்தில் விலைக்கு வருவதுண்டு. ஆனால் அது வரும் வழிகள் மிகச் சிலவே. அவ்வழிகளை அறியாமல் வாங்குகிறவருக்குக் கைப்பணம் போவதோடு, அடுத்த தோட்டக்காரரின் வெள்ளாடும் போய், பஞ்சாயத்தும் வந்து சேருகிறது. கிராம அதிகாரிகளிடம் வரும் இத்தகைய வழக்குகளில், நாயை விற்றவர் "வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது" என்பதும், வாங்கியவர் "வந்த அன்றே இப்படித்தான்" என்பதும் வழக்கமாகிவிட்டன.

முதலில் விற்பவரின் நிலையைக் கவனிக்க வேண்டும். பெட்டை நாய் ஏறக்குறைய 63 நாட்கள் சினையாயிருந்து ஓர் ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் போடுகிறது. இவற்றுள் நோய்க்குத் தப்பி, உடற்கட்டும் புத்தியும் கூடி, உண்மையில் நல்ல நாயாகத் தேறுவது ஒன்றோ இரண்டோதான். 1978-ஆம் வருஷத்துக்குப் பின் உலகமெங்கும் பரவிய பார்வோ என்னும் கழிச்சல் நோய், தடுப்பூசி போடாத குட்டிகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகிறது. தேறிய நாய் ஒன்றரை வயதுக்கு மேல்தான் வேலைக்கு நம்பத் தகுந்ததாகிறது. மூன்று முதல் ஆறு வயது வரை அதன் நல்ல காலம். எட்டு வயதில் கால் தளர்ந்துவிடுகிறது. ஆகவே மூன்று வயதில் நல்ல நாயை விற்பவர், தாம் பட்ட பாட்டின் பலன் கைக்கு வரும் சமயத்தில் அதைப் பிறருக்குக் கொடுக்கிறார். காரணமில்லாமல் எவரும் இதைச் செய்யார். அந்தக் காரணத்தைக் கண்டறிவதே வாங்குகிறவரின் முதல் வேலை. நாயைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

அயல் நாட்டு வழக்கம்

இங்கிலாந்து தேசத்தில் நரி வேட்டை நாய்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ளாமல் பெருங்கூட்டமாக வைத்து வளர்த்து, ஜோடிக் கணக்கில் எண்ணி வந்தார்கள். குட்டிகளைச் சுற்றுப்புறத்துப் பண்ணைக்காரர்களிடம் வளர்க்கக் கொடுத்து, பெரிதானதும் திரும்பப் பெற்றுக் கூட்டத்தில் பழக்குவது முறை. ஒவ்வொரு வருஷமும் கூட்டத்துக்கு வேண்டிய நாய்கள் போக மிகுந்தவற்றை வேறு கூட்டங்களுக்குத் தள்ளிக் கொடுப்பார்கள். இப்படித் தள்ளப்படும் நாய்கள் வளர்ந்தவையும் பழகியவையுமே. ஆயினும் தள்ளுகிறவன் வேட்டைக்காரன். தனக்கு உதவும் நாயை அவன் தள்ளுவதில்லை. வீணாகக் குரைப்பது, தடத்தை விட்டு ஓரமாக ஓடுவது, முதுமை, கூட்டத்தின் உயரத்துக்குப் பொருந்தாமை ஆகிய ஏதேனும் ஒரு குறை பெரும்பாலும் உள்ளே இருக்கும். உயரம் பொருந்தாமை போன்ற குறை வாங்குகிறவருக்குக் குறையே ஆகாது என்பதால், விவரமறிந்தவர்கள் தள்ளுபடி நாய்களிலிருந்தே நல்ல கூட்டம் சேர்த்ததும் உண்டு. கூட்டத்தின் தலைவர் இறந்தாலோ, பொருள் முட்டுப்பாட்டால் வேட்டையைக் கைவிட்டாலோ முழுக் கூட்டமும் விலைக்கு வரும். அப்போதுதான் முதல் தரமான நாயும் பிறர் கைக்குப் போகும். உதகமண்டலத்து வென்லாக் மேய்ச்சல் வெளியில் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நடத்திய குள்ளநரி வேட்டைக்கும் இவ்வகை நாய்கள் கப்பலில் கொண்டுவரப்பட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை ஏவி நரி முதலியவற்றை வேட்டையாடுவதை 2004-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்துவிட்டது.

இதற்கு நேர்மாறானது அந்நாட்டு ஆட்டு நாய் வியாபாரம். யார்க்ஷயரிலுள்ள ஸ்கிப்டன் ஏலச் சந்தையில் வளர்ந்த ஆட்டு நாய்கள் பகிரங்கமாக விற்கப்படுகின்றன. விலை கூறுமுன், விற்பவர் எல்லோரும் பார்க்க வயலில் நாயை விட்டு ஆடுகளை வளைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். வேல்ஸ் நாட்டில் 2021-ஆம் வருஷத் தொடக்கத்தில் நடந்த ஓர் ஏலத்தில், ஒரு வயதே ஆன பெட்டை நாய் 27,100 பவுனுக்கு விலை போயிற்று. அது அக்காலத்தில் உலகத்திலேயே மிக உயர்ந்த விலையாகும். அந்நாய்களை விற்பவர்கள் விற்பதற்கென்றே பழக்குகிறார்கள். நல்ல நாயை விற்றால்தான் அடுத்த வருஷமும் வாங்குவோர் தேடி வருவர். துப்பாக்கி வேட்டையில் விழுந்த பறவையை எடுத்து வரும் நாய்களும் மேல்நாடுகளில் அரைப்பழக்கமாகவும் முழுப்பழக்கமாகவும் இவ்வாறே விற்கப்படுகின்றன.

ஆட்டு நாயும் பறவை நாயும் ஏவலுக்கு வேலை செய்பவை. சீழ்க்கை ஒலிக்கும் குரலுக்கும் இன்ன பொருள் என்று கற்பிக்கப்பட்டிருப்பதால், அந்த ஏவல்களைப் புதிய எஜமானரும் கற்றுக்கொண்டால் சில வாரங்களில் நாய் அவருக்கும் வேலை செய்கிறது. நமது தென்பாண்டிச் சீமையின் நாய்களோ ஏவலை எதிர்பார்ப்பவையல்ல. அவை கண்ணால் கண்டதைத் தாமே தீர்மானித்துத் துரத்துபவை. தான் வளர்ந்த கரிசல் காடும், ஓடை வழியும், எஜமானரின் நடையுமே அவற்றின் படிப்பு. அந்தப் படிப்பைக் கயிற்றோடு சேர்த்து அடுத்தவர் கையில் கொடுக்க முடியாது. விலைக்கு வாங்கிய நல்ல நாய் புதிய ஊரில் ஒன்றுக்கும் உதவாததுபோல் மூலையில் கிடப்பதற்கு இதுவே பெரும்பான்மையான காரணம். விற்றவர் எப்பொழுதும் மோசக்காரர் என்று கொள்வதற்கில்லை.

நமது நாய்கள்

ராஜபாளையம் நாய் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. முற்காலத்தில் பன்றி வேட்டைக்குப் பேர்போனது. சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் கொண்டு முயலின் பின்னே காற்றாய்ப் பறப்பவை. கன்னி என்பது கருநிற மேனியும் செம்பழுப்புக் காலும் உடையது. தேனி ஜில்லா உத்தமபாளையம் தாலுகாவிலுள்ள கோம்பையின் பெயரால் வழங்கும் கோம்பை நாய் செம்பழுப்பு நிறமும் கறுத்த முகமும் உடைய கட்டுடல் நாய். காவலுக்கு இதற்கு மிஞ்சியதில்லை என்பது மலையடிவாரத்துக் குடியானவர்களின் அபிப்பிராயம்.

இவற்றுள் கன்னி நாயைப் பற்றிய வழக்கம் ஒன்று குறிப்பிடத்தக்கது. அதை வைத்திருந்த குடும்பத்தார் பெரும்பாலும் விலைக்கு விற்றதில்லை. நன்றாக வைத்துக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுப்பவருக்கு இனாமாகக் கொடுத்து வந்தார்கள். மணமகளுக்குச் சீதனமாகக் கொடுத்ததால்தான் கன்னி என்ற பெயர் வந்தது என்றும் சொல்வதுண்டு. பணம் வாங்காமல் வாக்கு வாங்கியது பெருந்தன்மை மட்டுமன்று. வாக்குப் பெற்றுக் கொடுத்தவர் பின்னும் அந்த நாயைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார். பெற்றவரும் பொருந்தாவிட்டால் கூச்சமில்லாமல் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். வளர்ந்த நாய் கைமாறும்போது இருதரத்தாருக்கும் வேண்டிய பாதுகாப்பு இதுவே. சந்தை வியாபாரத்தில் இது மறைந்துபோயிற்று. ராஜபாளையம் நாயின் படத்தோடு 2005-ஆம் வருஷத்தில் தபால் தலை வெளிவந்தது. 2020-ஆம் வருஷத்தில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், கர்நாடகத்து முதோள் நாயும் தேசியக் கால்நடை மரபுவள நிலையத்தாரால் தனி இனங்களாகப் பதிவு செய்யப்பட்டன. கீர்த்தி வளர, தரகர்களும் வளர்ந்தார்கள். கலப்பு நாயைச் சுத்த ஜாதி என்றும், கிழநாயை நடுவயது என்றும் சொல்லி விற்பதும் அதனுடன் வளர்ந்தது.

சட்டம்

இதைப் படிப்பவர் எவரும் மறக்கலாகாத விஷயம், 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முயல், காட்டுப்பன்றி, குள்ளநரி, உடும்பு முதலியவற்றைத் துப்பாக்கியால் சுடுவது மட்டுமே வேட்டை என்று பலர் நினைக்கின்றனர். நாயை ஏவித் துரத்துவதும், கண்ணி வைப்பதும், விரட்டி மடக்குவதும் அச்சட்டப்படி வேட்டையே. அது தம் பட்டா நிலத்தில் நடந்தாலும் குற்றமே. சிறையும் அபராதமும் உண்டு. பயிரைப் பன்றி அழிக்கிறது என்றால் வன இலாகாவுக்கு எழுதி, நஷ்டஈடும் பரிகாரமும் கோருவதே வழி. ஆகையால் "பத்துப் பன்றி பிடித்த நாய்" என்று ஒருவர் புகழ்ந்து விற்பாரானால், அவர் தம் குற்றத்தைத் தாமே சொல்லிக்கொள்கிறார் என்று அறிய வேண்டும். வாங்குகிறவருக்கும் அந்தப் புகழால் பிரயோஜனமில்லை. பன்றியைப் பிடித்துப் பழகிய நாய், பன்றி அகப்படாத நாளில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்க்கும்.

மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2017-ஆம் வருஷத்தில் பிறப்பிக்கப்பட்ட நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளையும் கவனிக்க வேண்டும். நாய்களை இனப்பெருக்கி விற்பதைத் தொழிலாகக் கொண்டவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குட்பட்ட குட்டியை விற்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நாயைப் பதிவு பெற்ற வேறொரு வளர்ப்பாளருக்கு அன்றி மற்றவருக்கு விற்பதானால் கருத்தடை செய்தே விற்க வேண்டும். வளர்ந்த நாயை வாங்கி அதிலிருந்து குட்டி எடுத்து வமிசம் நடத்தலாம் என்று எண்ணுபவர்கள் இதை முன்பே அறிந்திருப்பது நலம். காவலுக்கு மட்டும் வேண்டுபவருக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. கருத்தடை செய்த நாய் காவல் குணத்தை இழந்துவிடும் என்ற பயம் ஆதாரமற்றது. பெட்டைகளைத் தேடி ஊர் சுற்றும் பழக்கம் குறைவதால் ஆண் நாய் தோட்டத்தில் தங்குவது சற்று அதிகமாகவே இருக்கும்.

நாய் பிறரைக் கடித்துவிடாதபடி காவாமல் அஜாக்கிரதையாக விடுவது, முன்னே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் அமலிலிருக்கும் பாரதீய நியாய ஸம்ஹிதையின் 291-ஆம் பிரிவிலும் தண்டனைக்குரியதாகும். நாயைக் கையில் வைத்திருப்பவரையே சட்டம் கேட்கும். நேற்றுத்தான் வாங்கியது என்பது சமாதானமாகாது.

வாங்கும் முறை

விற்கத் தகுந்த காரணங்கள் உண்டு. வைத்திருந்த பெரியவர் காலமாகிவிட்டார், மகன் பட்டணத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்; தோட்டம் விற்கப்பட்டது; இரண்டு ஆண் நாய்கள் ஓயாது சண்டையிடுகின்றன. இவை போன்ற காரணங்களால் வரும் நாயே தேடத் தக்கது. சந்தையில் கயிற்றோடு நிற்கும் நாயை விட, அப்படிப்பட்ட வீட்டில் வாசலில் படுத்திருக்கும் நாய் எவ்வளவோ மேல். சொல்லப்பட்ட காரணம் மெய்யா என்பதை விற்பவரின் வீட்டில் கேட்பதைவிட, அடுத்த தோட்டக்காரரிடமும் ஆடு மேய்க்கும் சிறுவர்களிடமும் கேட்டால் ஒரு நாழிகையில் தெரிந்துவிடும். ஆட்டுக்காரப் பையன்கள் ஊர் நாய்களின் யோக்கியதையை நன்கு அறிவார்கள்.

வயதைப் பல்லால் ஒருவாறு மதிக்கலாம். நாய்க்கு ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் முளைத்துவிடும். முன்பற்களின் நுனியில் மூவிதழ் போன்ற வடிவம் உண்டு. கீழ்வரிசை நடுப்பற்களில் அது இரண்டாம் வயதுவாக்கில் தேய்கிறது. அடுத்த பற்களில் மூன்றாம் வயதில். மேல்வரிசை நடுப்பற்களில் நான்காம் வயதில். அவற்றை அடுத்தவற்றில் ஐந்தாம் வயதில் தேய்கிறது. கல்லையும் சங்கிலியையும் கடிக்கும் நாய்க்கு இக்கணக்கு பொருந்தாது. முகத்து நரையும் கண்ணின் மங்கலும் சேர்ந்திருந்தால் சொல்லப்பட்ட வயதை நம்ப வேண்டாம்.

ராஜபாளையம் நாயானால் காதைச் சோதிப்பது முக்கியம். தூய வெண்ணிற நாய்களில் சில பிறவிச் செவிடாயிருப்பது எல்லோரும் அறிந்தது. நாய் வேறு பக்கம் பார்த்திருக்கையில், காற்றும் நிழலும் படாதபடி பின்னே நின்று கையைத் தட்ட வேண்டும்; பிறகு ஒவ்வொரு பக்கமாகவும் தட்டிப் பார்க்க வேண்டும். குட்டியில் இக்குறை எளிதில் புலப்படாது. வளர்ந்த நாயை வாங்குவதிலுள்ள லாபங்களுள் இதுவும் ஒன்று. உடற்கட்டும் குணமும் செவியும் கண்முன்னே தெரிகின்றன, குட்டிப் பிராயத்து நோய்களும் கடந்துபோயின.

அடுத்தது ஆட்டுச் சோதனை. நாயைக் கயிற்றில் பிடித்து, அது அறியாத வெள்ளாட்டு மந்தையின் அருகே மெதுவாக நடத்திச் செல்ல வேண்டும். பார்ப்பதில் பிழையில்லை, வேட்டை நாய் பார்க்கவே செய்யும். உடல் விறைத்து, தலை தாழ்ந்து, அதட்டியும் கண் எடுக்காமல் கயிற்றை இழுக்குமானால், வேறு எவ்வளவு சிறப்பிருந்தாலும் அந்த நாய் வேண்டாம். இந்தக் குணம் வளர்ந்த பிறகு அடித்தும் மாறாது. கோழிக்கும் இவ்வாறே பார்க்கலாம். பிறகு வெயிலில் இரண்டு மைல் நடத்தி, கால் நொண்டுகிறதா, இளைப்பு விரைவில் தணிகிறதா என்று கவனிக்க வேண்டும். எஜமானர் விலகிப்போய், வாங்குகிறவரோடு மட்டும் நாய் அரைமணி நேரம் இருக்கட்டும். அப்பொழுது அஞ்சிப் பதுங்கும் நாயும், பல்லைக் காட்டும் நாயும் அவரவர்க்கு வேண்டிய பாடத்தைச் சொல்லிவிடும். சிறு குழந்தைகளுள்ள வீடானால் இதில் தாட்சணியம் கூடாது.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சான்று இல்லாத நாயை வீட்டுக்குள் கொண்டுவருவது அபாயம். வெறிநோய் உடலில் புகுந்து வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் வெளிப்படாதிருக்கலாம். வெளிப்பட்ட பின் மருந்தில்லை. சான்று இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, உண்ணிக் காய்ச்சலுக்கும் பூச்சிக்கும் பரிசோதித்துக்கொள்வதும், மற்ற நாய்களோடு சேர்க்காமல் சில வாரங்கள் தனியே வைப்பதும் அவசியம். தடுப்பூசியை வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

விலை பேசி முடிந்ததும் ஒரு சீட்டு எழுதிக்கொள்வது, மாட்டு வியாபாரத்தைவிட இங்கே அதிகம் தேவை. நாயின் நிறம், அடையாளம், சொல்லப்பட்ட வயது, தடுப்பூசித் தேதி, விற்கும் காரணம், ஆட்டையோ ஆளையோ முன்பு கடித்ததுண்டா என்ற விவரம், திருப்பிக் கொடுக்கும் தவணை ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரு சாட்சிகள் கையெழுத்திட்ட இத்தகைய சீட்டு, பின்னே வழக்கு வந்தால் கிராம அதிகாரிக்குப் பாதி வேலையைக் குறைக்கும். முன்பு கடித்ததுண்டா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காமல் திரும்புவதே மேல்.

வீட்டுக்கு வந்த பின்

வாங்கிய நாயை முதல் வாரத்திலேயே அவிழ்த்துவிட்டு இழந்தவர்கள் ஏராளம். நீண்ட காலுடைய இந்நாய்களுக்குப் பத்து மைல் ஒரு தூரமன்று. இரவோடு இரவாகப் பழைய வாசலில் போய்ப் படுத்திருக்கும், அல்லது வழியில் பெருஞ்சாலையில் வண்டியில் அகப்படும். மூன்று வாரமாவது கட்டிவைத்து, காலையும் மாலையும் கயிற்றில் பிடித்துத் தோட்டத்தின் எல்லை முழுவதும் சுற்றிவர வேண்டும். சோறு வைப்பது ஒரே கையாக இருக்கட்டும். பழைய வீட்டில் கம்பங்கூழும் மோரும் உண்டு வளர்ந்த நாய்க்கு ஒரேயடியாக இறைச்சியைக் கொடுத்தால் வயிறு கெடும். பழைய உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றலாம். முதல் சில நாட்கள் உண்ணாமலிருப்பதும் இரவில் ஊளையிடுவதும் இயல்பே; அதற்காக அடிக்கலாகாது. தோட்டத்து ஆடுமாடுகளையும் வேலையாட்களையும் கட்டின இடத்திலிருந்தே அது பார்த்துப் பழகும்படி, கிணற்றடிக்கோ களத்துக்கோ அருகில் நிழலில் கட்டுவது உத்தமம்.

மூன்றாம் வாரத்தில், புதிய எஜமானரின் காலடியோசைக்கு எழுந்து நிற்கிற நாயை நீண்ட கயிற்றோடு விட்டுப் பார்க்கலாம். அழைத்தால் வருகிறதா, ஆடுகளிடையே அமைதியாக நடக்கிறதா, இரவில் அந்நியர் வந்தால் குரல் கொடுக்கிறதா என்னும் மூன்றும் சரியானால் கயிறு வேண்டுவதில்லை. ஒன்றரை மாதம் கழிந்தும் உணவில் விருப்பமின்றி, பழைய ஊர் இருக்கும் திசையையே பார்த்துக் கிடக்குமாயின், சீட்டில் குறித்த தவணைக்குள் அதைப் பழைய வீட்டாரிடமே திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் அந்தச் சீட்டிலேயே முன்னமே எழுதிவைத்திருந்தால் தகராறுக்கு இடமிராது.